தறிக்குத் திரும்பும் கைகள்

நுழையும்முன்

உயிரைக் காப்பது மருத்துவத்தின் முதற்கடமை. அவ்வாறு காக்கப்பட்டவர் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வார் என்னும் வினாவுக்கு விடை தேடும் மருத்துவத்துறையும் ஒன்று உண்டு. நம் நாட்டில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இயங்கிவரும் அத்துறையின் பெயரைக்கூட நம்மில் பலர் கேட்டதில்லை. காஞ்சிபுரத்துக் குழித்தறி ஒன்றின் அருகே நின்று அதனை அறிமுகம் செய்கிறது இப்பாடம்.

தறியும் உடலும்

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத் தெருக்களில் நடப்போர் செவியில் முதலில் விழுவது தறியின் ஒலிதான். வீட்டின் முன்கட்டிலேயே குழி வெட்டித் தறி அமைத்திருப்பார்கள். குழியின் விளிம்பில் நெசவாளர் அமர்ந்திருப்பார். கால்கள் குழிக்குள் இறங்கி மிதிகளின்மேல் நிற்கும். மிதியை அழுத்தியதும் பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழிவிடும். அவ்வழியே ஊடை இழையைச் சுமந்து நாடா ஓடும். ஓடி முடிந்ததும் பலகை வந்து இழையை நெருக்கும். கோர்வைப் புடவையாயின் வேலை இன்னும் நுட்பமானது. உடலுக்கு ஒன்றும் இரு கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்கள் ஓடும். ஒருபுறத்துக் கரையைக் கவனிக்கத் துணைக்கு ஒருவர் அமர்ந்திருப்பார். உடலின் நிறமும் கரையின் நிறமும் சந்திக்குமிடத்தில் இழையோடு இழை கோத்துக்கொண்டே போகும். 2005ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டின் பெருமை, இவ்வாறு ஆயிரக்கணக்கான முறை ஒரே பிசகின்மையோடு நிகழும் அசைவுகளில் தங்கியிருக்கிறது.

பார்ப்பவர்க்கு இது ஓர் இயல்பான பழக்கமாகத் தோன்றும். உடலின் கணக்கில் அப்படியன்று. சாய்மானமின்றி நிமிர்ந்து உட்காரும் வலிமை வேண்டும். தோள் நிலையாக நிற்க, மணிக்கட்டு விசையோடு சுழல வேண்டும். நாடாவைப் பற்றவும் உரிய நொடியில் விடவும் விரல்கள் அறிந்திருக்க வேண்டும். இரு கைகளும் இரு கால்களும் வெவ்வேறு வேலையை ஒரே தாளத்தில் செய்ய வேண்டும். அறுந்த இழையைக் கண் காண வேண்டும்; அடுத்த வரிசை எது என்பதை மனம் நினைவில் வைக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் தறி நின்றுவிடும்.

இத்தகைய நெசவாளர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒருநாள் காலையில் அவருடைய வலக்கை திடீரெனத் துவண்டது, வாய் கோணியது, சொல் குழறியது. பக்கவாதம். மருத்துவமனை அவர் உயிரைக் காத்தது. சில வாரங்களில் வீடு திரும்பினார். மனைவி உணவை ஊட்டினார். மகன் குளிப்பாட்டினார். சட்டையின் பொத்தானை மருமகள் போட்டுவிட்டார். பார்க்க வந்த உறவினர், பிழைத்து வந்ததே பெரிது என்று ஆறுதல் கூறிச் சென்றனர். வலக்கை மடியின்மேல் கிடந்தது. ஒரு மாதம், இரண்டு மாதம், ஆறு மாதம் அப்படியே கிடந்தது. இடக்கையாலேயே எல்லாவற்றையும் சமாளிக்கப் பழகிய மூளை, வலக்கையைப் பயன்படுத்துவதையே மெல்ல மறக்கத் தொடங்கியது.

இங்கே எவரையும் குறைகூற இடமில்லை. வீட்டார் செய்த ஒவ்வொன்றும் அன்பினால் செய்ததே. ஆனால், அவர் செய்வதற்கென்று அந்த வீட்டில் ஒன்றுமே எஞ்சவில்லை.

பெயரால் வந்த குழப்பம்

அவருக்கு வேண்டியிருந்த உதவியை உலகெங்கும் ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்று அழைக்கின்றனர். தமிழில் தொழில்வழி மருத்துவம், செயல்முறை மருத்துவம் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. பெயரில் ‘தொழில்’ என்னும் சொல் இருப்பதால், நோயுற்றவருக்கு வேலை தேடித்தரும் அலுவலகம் போலும் என்று சிலர் எண்ணுகின்றனர். தொழிற்சாலையில் ஏற்படும் நோய்களுக்கான மருத்துவம் என்று வேறு சிலர் கருதுகின்றனர். ஆங்கிலத்தில் அச்சொல் ஊதியம் தரும் வேலையை மட்டும் குறிப்பதன்று. ஒருவருடைய பொழுதை நிரப்பும் செயல் அனைத்தையும் குறிக்கும். பல் துலக்குவது, தலை வாருவது, கோலமிடுவது, பேரக்குழந்தையைத் தூக்குவது, கோயிலைச் சுற்றிவருவது, தறியில் அமர்வது ஆகிய யாவும் அதனுள் அடங்கும். ஆகவே, இப்பாடத்தில் ‘செயல்வழி மருத்துவம்’ என்னும் பெயரையே கையாள்வோம். செயலை மீட்பதே அதன் நோக்கம். மீட்பதற்கு அது கையாளும் மருந்தும் செயலே.

இயன்முறை மருத்துவத்தோடு இதனை ஒன்றாக எண்ணுவதும் உண்டு. இரண்டும் உடன்பிறந்தவை போன்றவை; பல நேரங்களில் ஒரே அறையில் இயங்குபவை. இயன்முறை மருத்துவர் தசையின் வலிமை, மூட்டின் அசைவு, நடை, வலி ஆகியவற்றில் முதன்மையாகக் கருத்தூன்றுகிறார். அந்த வலிமையையும் அசைவையும் கொண்டு சோற்றைப் பிசைந்து உண்ண முடிகிறதா என்பதிலிருந்து செயல்வழி வல்லுநரின் பணி தொடங்குகிறது. கை தோள்வரை உயர்ந்தும் தலைவார முடியாதவர் உண்டு. கை முழுதாக உயராமலே, நீண்ட பிடியுள்ள சீப்பைக் கொண்டு தாமே தலைவாரிக்கொள்பவரும் உண்டு. இரண்டாமவருக்கு அந்தச் சீப்பே மருத்துவம்.

முதல் வினா

வல்லுநர் ஒருவர் நம் நெசவாளரைக் காண வருகிறார் எனக் கொள்வோம். அவர் முதலில் கேட்பது, ‘உங்களுக்கு என்ன நோய்?’ என்பதன்று; அது மருத்துவமனைக் குறிப்பில் எழுதியிருக்கிறது. ‘நீங்கள் எதைச் செய்ய விரும்புகிறீர்கள், ஐயா?’ என்பதே அவருடைய முதல் வினா. தறியைத்தான் சொல்வார் என்று வீட்டார் எதிர்பார்த்திருக்கலாம். அவரோ, நெடுநேரம் தயங்கி, ‘குளியலறைக்கு நானே போய்வர வேண்டும்’ என்கிறார். பிறர் கையால் கழுவப்படும் துயரத்தை அதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை, கேட்டவரும் இல்லை.

அங்கிருந்தே பணி தொடங்குகிறது. வல்லுநர் வீட்டை அளக்கிறார். படுக்கையின் உயரம் எவ்வளவு? வாயிற்படியில் கால் தடுக்குகிறதா? குளியலறையில் பிடித்துக்கொள்ள ஏதேனும் உண்டா? சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, தரையில் வழுக்காத விரிப்பு, உட்கார்ந்து குளிக்க ஒரு முக்காலி. இவற்றில் எதுவும் விலையுயர்ந்த கருவியன்று. அடுத்துச் சட்டை. தளர்ந்த கையை முதலில் சட்டைக்குள் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நலமான கையை முதலில் வெளியே எடுக்க வேண்டும். இந்த எளிய ஒழுங்கு தெரியாமையால் நாள்தோறும் காலையில் பிறர் கையை எதிர்பார்த்திருப்போர் பலர். தூக்கி உட்காரவைக்கும்போது தளர்ந்த கையைப் பற்றி இழுக்கக்கூடாது, தோள்மூட்டு நழுவக்கூடும் என்பதை வீட்டாருக்கு அவர் செய்துகாட்டுகிறார்.

உண்ணும் தட்டுக்கு உயர்ந்த விளிம்பு வைத்தால் சோறு வெளியே சிந்தாது. கரண்டியின் பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்கினால் வலுவிழந்த விரல்களும் அதனைப் பற்றும். நாள்கள் செல்லச்செல்லத் துணிச்சுற்று மெலியும், பிடி வலுக்கும். செயலைச் சிறு கூறுகளாகப் பகுத்து, இயன்ற கூற்றை நோயாளியே செய்யவிட்டு, இயலாததற்கு மட்டும் துணைநின்று, அத்துணையையும் படிப்படியாகக் குறைப்பதே இம்மருத்துவத்தின் நுட்பம். நெசவு பழகும் சிறுவனுக்குக் காஞ்சிபுரத்தின் மூத்தோர் எடுத்த எடுப்பிலேயே நாடாவைத் தருவதில்லை. தார் சுற்றுவதில் தொடங்கி, துணைக்கு அமரவைத்து, பின்னரே தறியில் ஏற்றுவர். அந்தப் படிமுறையை அறிந்த ஊருக்கு இம்மருத்துவம் புரியாத ஒன்றன்று.

எல்லாரிடமும் பக்கவாதம் கையின் தளர்ச்சியாக மட்டுமே வெளிப்படுவதில்லை. மூளையின் வலப்பகுதி தாக்கப்பட்ட சிலர், உலகின் இடப்பக்கத்தையே கவனிக்க மறந்துவிடுகின்றனர். தட்டின் வலப்பாதியில் உள்ளதை மட்டும் உண்டுவிட்டு, இன்னும் பசிக்கிறது என்பர். முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் மழித்துக்கொள்வர். வீட்டார் இதனைப் பிடிவாதம் என்றோ, அறிவு மங்கிவிட்டது என்றோ கருதி வருந்துவதுண்டு. இடவோரத்தில் பளிச்சிடும் வண்ணப் பட்டை ஒன்றை வைத்து, அதனைத் தேடி விழிகளைத் திருப்பப் பழக்குவது செயல்வழி வல்லுநர் கையாளும் வழிகளுள் ஒன்று.

தறியே மருந்தான காலம்

நெசவூருக்கும் இம்மருத்துவத்துக்கும் உள்ள உறவு, உவமை அளவில் நிற்பதன்று. இத்துறை உருப்பெற்ற காலத்தில் தறி அதன் முதன்மைக் கருவிகளுள் ஒன்றாக இருந்தது. அமெரிக்காவைச் சேர்ந்த ஜார்ஜ் பார்ட்டன் ஒரு கட்டடக் கலைஞர். காசநோயால் வருந்தியவர், உடலின் இடப்பக்கம் செயலிழந்தவர். மருத்துவர்கள் ஓய்வெடுக்கச் சொன்ன நிலையில், தோட்ட வேலையிலும் தச்சு வேலையிலும் ஈடுபட்டுத் தம்மைத் தாமே மீட்டுக்கொண்டார். அவருடைய இல்லத்தில்தான் 1917ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஒரு சிறு குழு கூடி, இத்துறைக்கான முதல் சங்கத்தை நிறுவியது. மருத்துவர், கைவினை ஆசிரியை, சமூகப் பணியாளர், கட்டடக் கலைஞர் எனப் பலதுறையினர் அதில் இருந்தனர். முதல் உலகப்போரில் கையும் காலும் மனமும் சிதைந்து திரும்பிய வீரர்களுக்கு, நெசவும் கூடை முடைதலும் மரவேலையும் மருத்துவமனைகளிலேயே கற்பிக்கப்பட்டன. துணி விற்பதற்காக அன்று. மிதியை அழுத்தும் கால் வலுப்பெறவும், சிதறிய மனம் ஓரிழையைப் பின்தொடரவும் தறி பயன்பட்டது. பிற்காலத்தில் இத்துறை கைவினையைக் கடந்து, அன்றாடச் செயல் அனைத்தையும் தன்வயமாக்கிக்கொண்டது.

தெரியுமா?

இந்தியாவில் செயல்வழி மருத்துவக் கல்வியை முதன்முதலில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டவர். மும்பையின் கே.இ.எம். மருத்துவமனையில் 1950ஆம் ஆண்டு அவர் அதற்கான பள்ளியைத் தொடங்கினார். 1952இல் அனைத்திந்தியச் சங்கம் அமைந்தது. அதே ஆண்டில் உருவான உலகக் கூட்டமைப்பின் நிறுவன உறுப்பு நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. அக்டோபர் 27 இத்துறைக்கான உலக நாளாகக் கொண்டாடப்படுகிறது.

பாலாற்றின் மேற்கே

காஞ்சிபுரத்துக்கு மேற்கே பாலாற்றங்கரையில் அமைந்த வேலூர், இவ்வரலாற்றில் தனியிடம் உடையது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், மருத்துவம் பயில்வதற்குமுன் கட்டட வேலையும் தச்சும் கற்றவர். 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயால் மடங்கி உறைந்த விரல்களை, நலமான தசைநாண்களை இடம்மாற்றித் தைத்து நிமிரச்செய்யும் முறையை அங்கு வளர்த்தெடுத்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன, உலகம் வியந்தது. நோயாளிகள் ஊருக்குத் திரும்பினர்.

அங்குதான் எதிர்பாராத துயரம் காத்திருந்தது. மடங்கிய கையைக் கண்டு இரங்கிப் பிச்சையிட்டவர்கள் நிமிர்ந்த கைக்கு இட மறுத்தனர். நோயின் வடுக்களைக் கண்டவர்கள் வேலை தரவும் மறுத்தனர். உணர்ச்சியற்ற அக்கைகள் சூடான பாத்திரத்தைப் பற்றியும், பூட்டில் இறுகிய சாவியைத் திருகியும் மீண்டும் புண்பட்டன. அறுவை அறையில் கிடைத்த வெற்றி, அடுப்படியில் தோற்றது.

கல்லூரி வளாகத்தில் ‘நவஜீவ நிலையம்’ உருவானது இந்தப் பட்டறிவினால்தான். அங்கே சிறு குடில்களில் தங்கி, நோயாளிகள் தச்சு வேலை கற்றனர், மரப்பொம்மைகள் செய்தனர். எந்தக் கருவியை எப்படிப் பிடித்தால் கை புண்படாது, நாள் முடிவில் கையை எவ்வாறு சோதித்துப் பார்க்க வேண்டும் என்பவற்றையும் பழகினர். வலி என்னும் எச்சரிக்கையை இழந்தவர்கள், கண்ணையே காவலாகக் கொள்ளக் கற்றனர்.

அதே கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த ஊர்தி விபத்தில் இடுப்புக்குக்கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவப் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1966இல் வேலூரில் உள்நோயாளிகள் தங்கிப் பயிற்சிபெறும் மறுவாழ்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. விபத்துக்குப் பிறகும் கைகள் இயங்குகின்றனவே, அவற்றைக் கொண்டு எதைச் செய்யலாம் என்று வினவிய ஒருவரிடமிருந்து அந்நிறுவனம் பிறந்தது என்பது எண்ணத்தக்கது.

நம்மைச் சுற்றி

தொழுநோயும் பக்கவாதமும் மட்டுமே இத்துறையின் எல்லை அல்ல. எழுதுகோலைப் பிடிக்க இயலாமல் வகுப்பில் சோம்பேறி எனப் பெயர் வாங்கும் குழந்தை. உரத்த ஒலியையும் உடையின் உரசலையும் தாங்கமுடியாமல் அலறும் மதியிறுக்கக் குழந்தை. மனநோயிலிருந்து மீண்டும் காலையில் எழவோர் ஒழுங்கு கைகூடாத இளைஞர். அடுப்பை அணைத்தோமா என்பதை மறந்துவிடும் முதியவர் என இவர்கள் அனைவருக்கும் அது உதவுகிறது. பள்ளி மேசையின் உயரத்தை மாற்றுவதும், சமையலறைப் பெட்டிகளில் படம் ஒட்டுவதும்கூட இங்கே சிகிச்சையாகின்றன.

நோய் வருமுன் காப்பதும் அதன் கடமையே. நாளெல்லாம் குழித்தறியில் குனிந்திருக்கும் நெசவாளரின் இடுப்பையும் கழுத்தையும் முழங்காலையும் பற்றி நாம் புடவைக் கடையில் நினைப்பதில்லை. இருக்கையின் உயரம் சற்றே கூடுவதும், ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும் என்று அறிவதும், மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்பதும் உடலின் சுமையைக் குறைக்கக்கூடியவை. ஜக்கார்டைக் காலால் மிதித்துத் தூக்குவதற்கு மாற்றாக, மின்விசையால் தூக்கும் கருவிகள் இப்போது தறிகளில் பொருத்தப்படுகின்றன. தொழிலின் நுட்பம் குன்றாமல் உழைப்பவரின் உடலைக் காக்கும் இத்தகைய மாற்றங்களைத் தறியில் அமர்பவரோடு கலந்தே வடிவமைக்க வேண்டும். அவரைக் கேளாமல் செய்யப்பட்ட கருவி பரண்மேல் ஏறிவிடும்.

இவ்வளவு பயனுள்ள துறை மக்களிடையே அறியப்படாதிருப்பது ஏன்? அதன் வெற்றி கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது ஒரு காரணமாகலாம். அறுவைக்குத் தழும்பு உண்டு. மாத்திரைக்கு நிறம் உண்டு. ஒருவர் தம் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொண்டதை யார் செய்தியாக்குவார்? கேட்டால் கிடைக்கும் என்று தெரியாததால் பலர் கேட்பதில்லை. கேட்பவர் இல்லாததால் பல ஊர்களில் அப்பணியிடமே தோன்றுவதில்லை. மீட்சிக்கு மிகவும் உகந்த முதல் மாதங்கள் இதனிடையே கழிந்துவிடுகின்றன.

வழி இல்லாமலில்லை. பன்முக மாற்றுத்திறனுடையோர்க்கான தேசிய நிறுவனம் 2005 முதல் முட்டுக்காட்டில் இயங்கி வருகிறது. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும்வரை அப்பகுதி காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் உள்ளது. 2021ஆம் ஆண்டின் தேசியச் சட்டம் ஒன்று, மருத்துவம் சார்ந்த பிற துறைகளுள் ஒன்றாகச் செயல்வழி மருத்துவத்தையும் ஏற்று, அதன் கல்விக்கும் பதிவுக்கும் நெறிகளை வகுத்துள்ளது. மேல்நிலை வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவர்கள் இத்துறையில் இளநிலைப் பட்டம் பெறலாம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி அதனை வழங்கும் நிறுவனங்களுள் ஒன்று. இப்படிப்பில் உடற்கூற்றியலோடு உளவியலும் உண்டு. மரத்தையும் நூலையும் தோலையும் கையாளும் திறனும் வேண்டும். மனிதரோடு பொறுமையாக உட்காரத் தெரிந்தவர்க்கு ஏற்ற படிப்பு.

நம் நெசவாளருக்கு வல்லுநரின் உதவி முதல் மாதத்திலேயே கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கோர்வை நாடாவை அவர் பழைய விசையோடு வீசியிருப்பார் என்று உறுதிகூற முடியாது. பக்கவாதம் சிலவற்றை எடுத்துக்கொண்டுதான் போகிறது. ஆயினும், காலையில் கம்பியைப் பற்றித் தாமே குளித்து வருவார். இலையில் வைத்த காஞ்சிபுரம் இட்லியை வலக்கையால், சற்று மெதுவாக, பிட்டு உண்பார். பிறகு தறியருகே வந்து, மகன் நாடா வீச, மறுபக்கத்துத் துணையிருக்கையில் அமர்வார். கரை இழை எங்கோ தளர்ந்திருப்பது மகனுக்குமுன் அவர் கண்ணில் படும். ‘நிறுத்துப்பா’ என்பார். தறி நிற்கும். அறுந்த இழையின் இரு முனைகளையும் அவருடைய விரல்கள் தேடிச் சேர்க்கும்வரை மகன் காத்திருப்பார்.